பத்து ரூபாய் நாணயம் செல்லாக் காசு அல்ல

(ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர் ஆற்றிய உரை. நம் வாசகர்களுக்காக அவரே எழுதித் தந்த வடிவம்.)



இதைப் படிக்கிற நீங்க வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஆளா இருந்தா, உங்க வீட்ல ஒரு டப்பா இருக்கும். சாமி படத்துக்குக் கீழேயோ, அலமாரி மேல்தட்டுலயோ இருக்கும். திறந்து பாருங்க. பத்து ரூபா காசு ஒரு இருபதாவது கிடக்கும். "யாரும் வாங்க மாட்டேங்கறாங்க, கிடக்கட்டும்"னு போட்டு வெச்சது. இருபது காசு என்றால் 200 ரூபாய். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் காய்கறியும் பாலும் அந்த டப்பாவுக்குள் தூங்குகிறது.

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆனால் பத்து ரூபாய் காசு விஷயத்தில் மட்டும் மூன்று மாவட்டமும் பிரியவே இல்லை. பேரணாம்பட்டில் கொடுத்தாலும் சரி, மேல்விஷாரத்தில் கொடுத்தாலும் சரி, "நோட்டா இருந்தா குடுங்க" என்கிற பதிலைத்தான் நான் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன்.

இதில் குற்றவாளி யார் என்று சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் குற்றவாளிகளில் நானும் ஒருத்தன்.

நான் காசாளராக இருந்தபோது, பூ விற்கிற அம்மா ஒருவர் துணிப்பையில் பத்து ரூபாய் காசுகளைக் கட்டிக்கொண்டு வங்கிக்கு வந்தார். மாதத் தொடக்கம். ஓய்வூதியக்காரர்கள் வரிசை வாசல் வரை நின்றது. "இப்ப எண்ண நேரமில்ல, அடுத்த வாரம் வாங்கம்மா" என்றேன். வந்தார். அன்றைக்கும் ஏதோ காரணம் சொன்னேன். மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "அந்தக் காசெல்லாம் என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் வாங்கிக்கிட்டாரு சார். நூறு ரூபா காசுக்குத் தொண்ணூறு ரூபா நோட்டு குடுத்தாரு" என்றார். கோபப்படவே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "நீங்களே வாங்கலேன்னா கடைக்காரரு எப்படி சார் வாங்குவாரு?"

நூற்றுக்குப் பத்து ரூபாய். அந்த அம்மாவின் உழைப்பில் பத்தில் ஒரு பங்கை நான் எண்ணச் சோம்பல்பட்டு அழித்தேன். இன்று இந்த மேடையில் நான் நிற்பதற்கு அதுதான் காரணம்.

சரி, இந்த வம்பு எங்கிருந்து வந்தது? பத்து ரூபாய் நாணயம் 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு உலோகம், வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வட்டம். அகலம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். 2010-இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு வந்தது. அதை வடிவமைத்தவர் உதயகுமார், நம்ம தமிழ்நாட்டுக்காரர். 2011 முதல் நாணயங்களில் அந்தக் குறியீடு ஏறியது. அதற்கு முன்னால் வந்தவற்றில் குறியீடு கிடையாது. இடையில் நினைவு நாணயங்களும் வந்தன. சிலவற்றில் கோடுகள் பத்து, சிலவற்றில் பதினைந்து.

வதந்தி இங்கேதான் பிறந்தது. "பத்து கோடு இருந்தா நல்லது, பதினஞ்சு கோடு இருந்தா கள்ளக்காசு", "ரூபா குறி இல்லாதது செல்லாது". கைபேசியில் சுற்றிச் சுற்றி வந்தது. கடைக்காரருக்குக் கோடு எண்ண நேரம் ஏது? "எதுவுமே வேணாம்" என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் விளக்கம் கொடுத்தது. 2018 ஜனவரி 17-இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: அதுவரை 14 வடிவமைப்புகளில் பத்து ரூபாய் நாணயங்கள் வந்திருக்கின்றன, பதினான்கும் செல்லும். 2019-இல் மறுபடியும் சொன்னது.

"ஒரே காசுக்குப் பதினாலு டிசைனா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோட்டு கையில் கசங்கிக் கிழிந்து சீக்கிரம் வங்கிக்குத் திரும்பிவிடும், புதிய நோட்டு வந்துவிடும். அதனால் பழைய வடிவம் தானாக மறையும். காசு அப்படி இல்லை, பல வருஷம் உழைக்கும். அதனால் 2009-இல் வந்ததும் நேற்று வந்ததும் ஒரே கல்லாப்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஷூ தைக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா? அளவு ஒன்றே, சீசனுக்குச் சீசன் டிசைன் மாறும். அதற்காகப் போன வருஷ ஷூ கள்ள ஷூ ஆகிவிடுமா?

கள்ள நாணயம் அச்சடித்துப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகள் வந்ததுண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் கள்ள 500 ரூபாய் நோட்டும்தான் பிடிபடுகிறது. அதற்காக யாராவது 500 ரூபாய் நோட்டே வேண்டாம் என்கிறோமா? பார்த்து வாங்குகிறோம். காசுக்கும் அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் வரும்: "நோட்டுதான் இருக்கே, அப்புறம் காசு எதுக்கு?" கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1917 நவம்பர் 30 அன்றுதான் இந்தியாவில் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறி, வெள்ளி ரூபாய் அடிக்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் தாளில் அச்சடித்தார்கள். அப்போது ஜனங்கள் தாளை நம்பவில்லை. வெள்ளிதான் வேண்டும் என்றார்கள். பல ஊர்களில் நோட்டுக்கு வட்டம் பிடித்துக்கொண்டுதான் காசு கொடுத்தார்கள். நூறு வருஷம் கழித்து நம்ம ஊரில் அது தலைகீழாக நடக்கிறது. அன்றைக்கு நோட்டுக்கு வட்டம், இன்றைக்குப் பூக்கார அம்மாவின் காசுக்கு வட்டம். இரண்டு தடவையும் நஷ்டப்பட்டது சில்லறையில் பிழைக்கிறவர்கள்தான்.

1990-களின் நடுவில் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகள் அச்சடிப்பதை நிறுத்தி நாணயத்துக்கு மாறினோம். சின்ன நோட்டுதான் அதிகம் கை மாறும், சீக்கிரம் கிழியும், திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டும் என்பதுதான் காரணம். பின்னால் கொஞ்சம் அச்சடித்ததும் உண்டு. ஆனாலும் ஐந்து ரூபாய் என்றாலே இன்று நமக்குக் காசுதான். "அஞ்சு ரூபா காசு செல்லாது" என்று ஆம்பூரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இல்லை. ஏனென்றால் "நோட்டா குடுங்க" என்று கேட்க நோட்டு கையில் இல்லை. பத்து ரூபாய்க்கோ நோட்டும் வந்துகொண்டிருக்கிறது, காசும் வருகிறது. மாற்று கையில் இருக்கும்போது மறுப்பது சுலபம்.

உலகத்திலும் இதே அனுபவம்தான். கனடா 1987-இல் ஒரு டாலர் நாணயம் கொண்டுவந்து, 1989-இல் ஒரு டாலர் நோட்டை நிறுத்தியது. காசு ஓடியது. பிரிட்டன் 1983-இல் ஒரு பவுண்டு நாணயம் விட்டு, 1988-இல் நோட்டைத் திரும்பப் பெற்றது. அங்கேயும் ஓடியது. அமெரிக்கா 1979-இலும் 2000-இலும் டாலர் நாணயம் விட்டது, ஆனால் நோட்டை நிறுத்தவில்லை. ஜனங்கள் நோட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

நோட்டை நிறுத்துவதா வேண்டாமா என்பது மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் முடிவு செய்ய வேண்டியது. அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இதே நோட்டும் இதே காசும்தான் சென்னையில் இருக்கின்றன. அங்கே டீக்கடையில் வாங்குகிற காசை, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கியதும் "செல்லாது" என்கிறோம். சுமார் 130 கிலோமீட்டரில் காசு கெட்டுப்போகுமா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊரில் செல்கிற காசைத்தான் முடிந்து கொண்டுவருகிறார்கள். இங்கே டீக்கடையில் நீட்டினால் தலையை ஆட்டுகிறார்கள். அவர்களுக்கு நம்ம பேச்சும் புரியாது, காசும் செல்லாது என்றால் எங்கே போவார்கள்? வீட்டில் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருக்கும்போது பத்து ரூபாய்க்காக ஒரு கடை வாசலில் கூனிக் குறுகி நிற்கிறார்கள்.

"இப்ப எல்லாம் போன்லயே அனுப்பிடறோமே சார்" என்று இளைஞர்கள் சொல்கிறீர்கள். உங்களுக்குச் சரி. தொழிற்சாலைக்கு வருகிற அக்காக்களில் எத்தனை பேருக்குத் தனியாக ஒரு போன் இருக்கிறது? நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்லது. பஸ் போகாத இடத்துக்கு ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வேண்டும். டீக்கு வேண்டும், பிள்ளைக்கு பிஸ்கட் வாங்க வேண்டும். சில்லறை என்பது கையில் கொஞ்சமாகப் பணம் வைத்திருப்பவர்களின் பணம். அதை மறுக்கும்போது அவர்களைத்தான் மறுக்கிறோம்.

இப்போது குற்றவாளிக்கு வருவோம். ஆட்டோக்காரரைக் கேட்டால் "பெட்ரோல் போடற இடத்துல வாங்கல" என்பார். டீக்கடைக்காரர் "பால்காரர் வாங்கல" என்பார். பால்காரர் "மொத்தக் கடையில வாங்கல" என்பார். மொத்தக் கடைக்காரர் "பேங்க்ல வாங்கல" என்பார். கடைசியில் விரல் நீளுகிற இடம் என்னுடைய கவுண்ட்டர். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துத்தான் மறுக்கிறார்கள். காசு செல்லாது என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் இதில் மிகக் குறைவு. அதனால் வங்கிக் கதவு திறந்தால் பின்னால் இருக்கிற எல்லாக் கதவும் திறக்கும்.

அந்தக் கதவு சட்டப்படி திறந்துதான் இருக்கிறது. வங்கிக் கிளைகள் எல்லா மதிப்பு நாணயங்களையும் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் கணக்கில் இவ்வளவு காசுதான் போடலாம் என்று ரிசர்வ் வங்கி எந்த வரம்பும் வைக்கவில்லை. நீங்கள் செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான்: நூறு நூறாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். நூறு பத்து ரூபாய் காசு, ஆயிரம் ரூபாய், எடை 771 கிராம். காசாளருக்கும் சுலபம், வரிசையில் நிற்பவர்களுக்கும் சுலபம். நான் அந்த அம்மாவிடம் அன்றைக்கு இதையாவது சொல்லியிருக்கலாம்.

வங்கியில் வாங்கவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1000 ரூபாய் வரையான தொகைக்குச் செல்லுபடியாகும் பணம். மறுத்தால் நடவடிக்கை என்று பல மாவட்ட ஆட்சியர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் பயந்துகொண்டு வாங்க வேண்டாம், கணக்குப் பார்த்து வாங்குங்கள். சில்லறை இல்லாமல் எத்தனை வாடிக்கையாளருக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புகிறீர்கள்? எத்தனை பேர் "அப்புறம் வரேன்" என்று போய்விடுகிறார்கள்? கல்லாவில் பத்து ரூபாய் காசு இருந்தால் அந்தத் தொல்லை பாதி குறையும். முக்கியமாக, வாங்கினால் மட்டும் போதாது, மீதிச் சில்லறையாகத் திருப்பியும் கொடுங்கள். வாங்கிப் பூட்டி வைத்தால் ஒரே மாதத்தில் நீங்களும் "போதும்" என்பீர்கள்.

வாடிக்கையாளரான உங்களுக்கும் அதே வார்த்தை. மீதியாகப் பத்து ரூபாய் காசு கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். நாம் கொடுக்கும்போது மட்டும் செல்ல வேண்டும், வாங்கும்போது நோட்டு வேண்டும் என்றால் நியாயமில்லை.

2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பதிலின்படி, ஒரு பத்து ரூபாய் நாணயம் அடிக்க 5 ரூபாய் 54 காசு செலவு. நம்ம வரிப்பணம். அது டப்பாவில் கிடப்பதற்காகச் செலவானது அல்ல. இப்போது பன்னிரண்டு பக்கம் கொண்ட 20 ரூபாய் நாணயமும் வந்துவிட்டது. பத்தை இன்றைக்குச் சரி செய்யாவிட்டால் நாளைக்கு இருபதும் அதே டப்பாவுக்குப் போகும்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். அந்த டப்பாவைத் திறந்து ஐந்து காசு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் போகிற, உங்களை முகம் தெரிந்த கடையில் ஒன்றைக் கொடுங்கள். "வேணாங்க" என்றால், "அண்ணே, வாங்கிக்கோங்க. யாரும் வாங்கலன்னா நானே திரும்ப வாங்கிக்கறேன்" என்று சொல்லுங்கள். தெரிந்தவர் சொல்கிற இந்த ஒரு வார்த்தைக்கு ரிசர்வ் வங்கி அறிக்கையை விட ஊரில் மதிப்பு அதிகம்.

அந்தப் பூக்கார அம்மா இப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கிறார். நான் அவரிடம் பத்து ரூபாய் காசு கொடுத்துத்தான் பூ வாங்குகிறேன். மீதியும் காசாகவே கேட்டு வாங்குகிறேன்.



நினைவில் வைக்க:

• பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவமைப்பில் இருந்தாலும் செல்லும். ரூபாய் குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடு பத்து என்றாலும் பதினைந்து என்றாலும் வேறுபாடு இல்லை.

• சந்தேகம் இருந்தால் 14440 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கவும். அழைப்பு துண்டிக்கப்பட்டு, திரும்ப உங்களுக்கே அழைப்பு வரும். அதில் பத்து ரூபாய் நாணயம் பற்றிய விளக்கத்தைக் கேட்கலாம்.

• வங்கியில் செலுத்தும்போது நூறு நாணயங்கள் கொண்ட உறைகளாகக் கொண்டு செல்லவும்.

• வங்கி மறுத்தால் முதலில் கிளை மேலாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கவும். அதன் பின்னரும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் உதவி எண்: 14448.

• அரசு சேவை தொடர்பான இடங்களில் மறுத்தால் முதல்வரின் உதவி மைய எண்: 1100.