சம்பளம் எங்கிருந்து வருகிறது?



வணிகவியல் படித்து இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் விரைவில் ஒரு பெரிய வங்கியில் ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ ஆகப் போகிறீர்கள். அந்த நாற்காலியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

காலைக் கூட்டத்தில் பங்குச் சந்தையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். நேற்று எத்தனை எஸ்ஐபி (தவணை முறை முதலீடு), எத்தனை காப்பீட்டு பாலிசி என்றுதான் கேட்பார்கள். மாதம் பிறந்தால் டார்கெட் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். யாருடைய வைப்புத்தொகை எப்போது முதிர்கிறது என்பது கணினியில் தெரியும். அந்த வாரமே அவருக்கு ஃபோன் போகும். பெரிய நிறுவனத்தில் நல்ல பயிற்சியும் ஆய்வுக் குழுவும் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால், வாசலில் உள்ள பெயர்ப்பலகையை நம்பித்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் பணிக்கொடையை உங்களிடம் ஒப்படைக்கிறார்.

அவருக்கு நீங்கள் ஆலோசகர், நிறுவனத்துக்கு விற்பனையாளர். இந்த இரட்டை வேடம் சட்டத்துக்கும் தெரியும். 2009 ஆகஸ்டில் மியூச்சுவல் ஃபண்டின் நுழைவுக் கட்டணத்தைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஒழித்தது. 2013 ஜனவரி முதல் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்கள் வந்தன. 2020-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்கக் கூடாது.

கமிஷனால் ஃபண்டின் செலவு விகிதத்தில் கூடும் ஒரு சதவீதம் சிறிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால், 20 ஆண்டுகளில் சுமார் 96 லட்சம். 11 சதவீதம் என்றால் சுமார் 81 லட்சம். அந்தப் பதினைந்து லட்சத்துக்கு ஈடான சேவையை நீங்கள் தந்தீர்களா என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

சொல்ல வேண்டியது கட்டணத்தை மட்டுமல்ல, ஆபத்தையும்தான். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் மறுசீரமைக்கப்பட்டபோது, அதன் 8,415 கோடி ரூபாய் ‘ஏடி-1’ வகைக் கடன் பத்திரங்களின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது. வாங்கியவர்களில் சாதாரணக் குடும்பத்தினரும் இருந்தார்கள். வைப்புத்தொகையைவிடக் கூடுதல் வட்டி என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. வங்கி நொடித்தால் முதலுக்கே மோசம் என்பது புரிந்திருக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

ஆகவே மூன்று பழக்கங்களை இன்றே பிடித்துக்கொள்ளுங்கள். விற்கும் பொருளில் உங்கள் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பணம் எப்போது தேவைப்படும் என்று கேட்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள். எழுபது வயதுக்காரரிடம் பதினைந்து ஆண்டு பாலிசியை விற்கச் சொன்னால், “முடியாது சார்” என்று மேலதிகாரியிடம் சொல்லப் பழகுங்கள். அந்த மாத ஊக்கத்தொகை போகும். பதவி உயர்வு தள்ளிப்போகவும் கூடும். வேறு கிளைக்கு நீங்கள் மாறிய பிறகும் உங்களைத் தேடி வரும் வாடிக்கையாளர்தான் இந்தத் தொழிலில் உண்மையான சம்பாத்தியம்.

டார்கெட்டை நிறுவனம் தரும். மனச்சாட்சியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் பெற்றோருக்கு விற்கத் துணியாத எதையும் பிறருடைய பெற்றோருக்கு விற்காதீர்கள்.