கடற்பாசி ஆலையும் நுண்பாசித் தொட்டியும்

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் பாறைகளைப் பற்றி வளரும் பழுப்புநிறப் பாசியைக் கரையோர மக்கள் கட்டக்கோரை என்பார்கள். அறிவியலில் அது சர்காசம். மீனவப் பெண்கள் மூழ்கிப் பறித்து, மணலில் உலர்த்தி விற்கும் இந்தப் பாசியிலிருந்துதான் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கப்படுகிறது. துணி அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும், பல் மருத்துவர் பல்லுக்கு அச்செடுக்கவும் அது வேண்டும்.

ஆல்ஜினேட்டைப் பிரித்தெடுக்க அமிலம் தேவை. கழிவுநீரும் அமிலமாகவே வெளியேறும். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே உள்ள ராணிப்பேட்டையில் ஓர் ஆல்ஜினேட் ஆலை இதற்கு வேறொரு பாசியையே துணைக்கு அழைத்தது. வழக்கமாக இத்தகைய நீரில் காஸ்டிக் சோடா கலப்பார்கள். அமிலம் தணியும்; ஆனால் உப்பு கூடும், சேறு மிஞ்சும். சென்னை ஆய்வாளர் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் அதற்குப் பதிலாகக் குரோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை அந்த நீரில் வளர்த்தார்கள். வெயிலில் உணவு தயாரிக்கும் பாசி, நீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சும்போது அமிலத்தன்மை தானாகவே குறையும். ஆலை அளவில் நடந்த இந்த முயற்சியின் முடிவுகள் 2009இல் ஆய்விதழில் வெளியாயின. தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகள் உற்றுப் பார்க்க வேண்டிய முன்மாதிரி இது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளின் நீர் வேறு வகை. பெயின்ட் அடிக்கும் முன் காரின் உடற்கூட்டைத் துத்தநாக பாஸ்பேட் கரைசலில் முக்குவார்கள். நிக்கல், மாங்கனீசும் அதில் சேரும். பாஸ்பேட் பாசிக்கு உரம். உலோகங்களோ செல்சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீரிலிருந்து உலோகத்தை நீக்க இது உதவலாம். ஆனால் அந்தப் பாசியைத் தீவனமாக்க முடியாது, நச்சுக் கழிவாகவே கையாள வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் உணவுக்காகச் சுருள்பாசி எனும் ஸ்பைருலினா வளர்க்கும் குளங்களுக்குத் தூய நீர் கட்டாயம் என்பதும் இதனால்தான்.

அறுவடைதான் உண்மையான தடை. ஒரு லிட்டர் நீரில் பெரும்பாலும் ஒரு கிராம் பாசிகூடத் தேறாது. ஒரு கிலோ உலர்பாசிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் நீரை வடித்தாக வேண்டும். இழைபோன்ற ஸ்பைருலினாவைத் துணியிலேயே வடிகட்டலாம். உருண்டையான நுண்பாசிகளுக்கு மையவிலக்கு இயந்திரமும் மின்சாரமும் தேவை. குளத்தின் ஆழம் ஒரு சாணைத் தாண்டினால் அடியில் வெளிச்சம் குறையும் என்பதால் இடமும் நிறைய வேண்டும். நிலவிலை ஏறிய ஒரகடத்தில் இது சிறு செலவல்ல.

ஆகவே அங்கு முதலில் பொருந்தக்கூடியது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பயன்படுத்தும் கேன்டீன், கழிப்பறைக் கழிவுநீர். நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் மிகுதி, உலோகம் சொற்பம். விளையும் பாசியைச் சாண எரிவாயுக் கலம் போன்ற கலத்தில் இட்டு எரிவாயு எடுக்கலாம். மிஞ்சுவதை ஆலை வளாக மரங்களுக்கு உரமாக்கலாம்.