அரிவாள் அணுவும் நீலகிரி மக்களும்

இந்தியாவில், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் அணுக் குறைபாடு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், ஆண்டு 1952. ஆய்வுக் கட்டுரை உடனே வெளிவந்தது. இரத்தம் கொடுத்தவர்களின் ஊர்களுக்குச் சிகிச்சை போய்ச்சேர நெடுங்காலம் ஆயிற்று.

நீலகிரியின் கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி மருத்துவ அமைப்பு வேறு வழியில் நடந்தது. பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றார்கள். முதற்கட்டச் சோதனை எளியது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் குழாயிலுள்ள கரைசலில் விழுகிறது. கரைசல் கலங்கி, பின்னாலிருக்கும் கறுப்புக் கோடுகள் மறைந்தால் அரிவாள் அணுக் கூறு இருக்கிறது. நோயா, நோயின்றி அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் நிலை மட்டுமா என்பதை மேல்சோதனை சொல்லும். அந்த வேறுபாட்டை ஒரு தாய்க்கு அவர் பேச்சிலேயே விளக்க ஆள் இருப்பது, கருவியைவிடப் பெரிய விஷயம்.

இரத்த மாதிரி எடுத்து ஆராய்வது இன்றும் தொடர்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரிலும் நாளை யாரேனும் இரத்த மாதிரி கேட்டு வரலாம். எதற்கு, எங்கே இருக்கும், முடிவு எங்களுக்கு வருமா என்று தயங்காமல் கேட்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை.