தொலைவில் இருப்பவர்களின் பொறுப்பு



சங்கத்தின் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பறையும் கும்மியுமாக இந்த அரங்கத்தையே அதிர வைத்த பிள்ளைகளே, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று நம்ம கொங்குச் சீமையிலிருந்தும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பிலிருந்தும் வந்து குடியேறி, இங்கே ஒரே சங்கமாகக் கூடியிருக்கும் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

விழா மேடையில் மனதுக்கு இதமாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவது எளிது. ஆனால் கடல் கடந்து வாழும் நம் மக்களிடம் நேரிலேயே சொல்ல வேண்டும் என்று நான் மனதில் வைத்திருந்த ஒன்று உண்டு. விடுமுறைக்குப் போன மக்களைப் பயங்கரவாதிகள் கொல்லும்போது, தொலைவிலிருந்து பார்க்கும் நாம் என்ன பேசுகிறோம், அந்தப் பேச்சு யார் தலையில் போய் விடிகிறது என்பதே அது.

இலங்கையில், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என மூன்று வழிபாட்டு இடங்கள். ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி என மூன்று ஓட்டல்கள். எல்லாவற்றிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 40க்கும் அதிகமானவர்கள் வெளிநாட்டவர்கள். ஓட்டலில் காலை உணவுக்கு வந்த விடுமுறைப் பயணிகள் பலர் அங்கேயே உயிர்விட்டார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி தங்கள் நான்கு பிள்ளைகளில் மூன்று பேரைப் பறிகொடுத்தார்கள். கர்நாடகத்தில் ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு முடிந்த கையோடு, தேர்தல் வேலையின் களைப்பாற இலங்கைக்குப் போன மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்காரர்கள் சிலர் சவப்பெட்டியில் ஊர் திரும்பினார்கள்.

கொச்சிக்கடை அந்தோனியாரை உங்களில் பலருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையானால் கத்தோலிக்கர்களோடு சைவர்களும் பௌத்தர்களும் வரிசையில் நின்று மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொள்ளும் சந்நிதி அது. மட்டக்களப்பு சீயோனில் மாண்டவர்களில் ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்து நின்ற தமிழ்க் குழந்தைகளும் உண்டு. அந்தச் செய்தியைக் கேட்டுக் கோபப்படாதவர் மனிதரே இல்லை. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை.

எங்கள் கோவைக்கும் அந்த நாளுக்கும் தொடர்பு இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் என் பேச்சுக்கு மரியாதை இல்லை. தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரன், தமிழில் பேசியவன். அவன் நம் மொழியிலேயே கக்கிய நஞ்சை இணையத்தின் வழியாகக் கோவை இளைஞர்கள் சிலர் குடித்திருக்கிறார்கள். 2019 ஜூன் 12ஆம் தேதி தேசியப் புலனாய்வு முகமை கோவையில் பல இடங்களில் சோதனை போட்டது, கைதும் நடந்தது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலையில் உக்கடம் கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் முன்னால் கார் வெடித்ததே, அதில் இறந்தவன் 2019இல் அதிகாரிகள் விசாரித்து அனுப்பிய ஆள்தான். ஆபத்து கற்பனை இல்லை. குற்றம் செய்தவனைத் தேடிப் பிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்துவதில் தயவு தாட்சண்யம் கூடாது.

ஆனால் இலங்கையில் அந்தக் கோபம் எங்கே போய் இறங்கியது? மூன்று வாரம் கழித்து, மே 12, 13 தேதிகளில் குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களில் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கின. நாத்தாண்டியாப் பகுதியில் தச்சு வேலை செய்து பிழைத்த ஒருவரை அவர் இடத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். ஸஹ்ரானுக்கும் அந்தத் தச்சருக்கும் என்ன சம்பந்தம்?

குருநாகல் அரசு மருத்துவமனையில் ஒரு முஸ்லிம் மருத்துவர். ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு வதந்தி கிளம்பியது, பத்திரிகையில் வந்தது, மனுசனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஜாமீனில் வந்தவருக்குப் பின்னால் வேலையும் திரும்பக் கிடைத்தது, நிலுவைச் சம்பளமும் வந்தது. நாடே மருந்துக்கு அல்லாடிய 2022இல், அந்த நிலுவைப் பணத்தை மருந்து வாங்கச் சொல்லி அரசுக்கே கொடுத்தார் அந்த மருத்துவர். வதந்தியைக் கைமாற்றி விட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்?

உண்மையில் ஸஹ்ரானைப் பற்றி முதலில் புகார் கொடுத்தவர்களே காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017இல் அவன் கூட்டம் அங்கே சூஃபி வழியினரோடு மோதியது. அதன் பிறகுதான் அவன் தலைமறைவானான். இந்தியாவின் எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4ஆம் தேதியே கொழும்புக்குப் போயிருந்தது. கையில் தகவலை வைத்துக்கொண்டு செயல்படாமல் இருந்தவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் நீதிமன்றப் படியேறினார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவல்துறை, உளவுத்துறைத் தலைமைக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. குண்டு வைத்தவனைப் பற்றி ஊருக்குள் இருந்தே சொன்னவர்களின் சமூகத்தாருடைய கடைகள் எரிந்தன. சொன்னதைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள் பதில் சொல்ல ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. பக்கத்து வீட்டுக்காரன் மேல் கோபம் பாயும்போது, கடமை தவறியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இந்த அரங்கில் இருக்கும் ஈழத்துச் சொந்தங்களுக்கு இது புதிதா? 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கான பழியைச் சுமந்தவர்கள் அந்தத் தாக்குதலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கொழும்புத் தமிழர்கள். கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்ததை இன்றும் சொல்லி அழும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. 2007 ஜூன் 7ஆம் தேதி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லாட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். பாஸ்போர்ட் வேலையாக வந்தவர்கள், வைத்தியம் பார்க்க வந்தவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு போய்ச் சேர விசாவுக்குக் காத்திருந்தவர்கள், எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்களானார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. பெயரைக் கேட்டதும் குற்றவாளியாக்குவது எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால், அது தமிழனுக்குத் தெரியும். அதே அளவுகோலை இன்னொருவர் மேல் வைக்க நமக்கு மனம் வரலாமா?

எங்கள் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலரைக் கொன்றார்கள். கொலையாளிகளைப் பிடிப்பதோடு அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த சில நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். ஒப்பணக்காரத் தெருவில் கடைகள் சூறையாடப்பட்டன. அந்தப் புண்ணில்தான் அல் உம்மா கூட்டம் ஆள் சேர்த்தது. 1998 பிப்ரவரி 14 அன்று ஆர்.எஸ்.புரம் தொடங்கி ஊரின் பல இடங்களில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நவம்பரில் கடையை எரித்தவனும் பிப்ரவரியில் குண்டு வைத்தவனும் ஒருவரையொருவர் காரணம் காட்டிக்கொண்டார்கள். செத்தவர்கள் இரண்டு கணக்கிலும் சேராத சனங்கள். பழிக்குப் பழி நியாயம் என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் ஊரைத்தான் சாட்சியாகக் காட்டுவேன்.

அதே ஊர் 2022இல் வேறு மாதிரி நடந்துகொண்டது. கார் வெடித்த மறுநாள் கோவை தீபாவளி கொண்டாடியது. சில நாட்களில் ஜமாஅத் பெரியவர்கள் அந்தக் கோட்டை சங்கமேஸ்வரர் கோயிலுக்கே நேரில் போய், கோயில்காரர்களைச் சந்தித்து, நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். விசாரணை ஒரு பக்கம் கடுமையாக நடந்தது. ஊர் ஒரு பக்கம் தன் வேலையைப் பார்த்தது. ஊர் ரெண்டுபடவில்லை, கூத்தாடிக்குக் கொண்டாட்டமும் இல்லை. 1997க்கும் 2022க்கும் நடுவில் எங்கள் ஊர் கொடுத்த விலை அதிகம். அந்த விலையில் வாங்கிய அறிவு அது.

இனி உங்களிடம் நேராக வருகிறேன். 2019 ஈஸ்டர் அன்று ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவன் குரல் பதிவு ஒன்றை அனுப்பினான். அடுத்தது கோவைதான், இன்ன தெருவில் இன்னாருடைய கடைப்பக்கம் போகாதீர்கள் என்று யாரோ பேசியது. அவன் கெட்டவன் இல்லை. ஊரில் இருக்கும் சொந்தத்தை நினைத்துப் பயந்துதான் அனுப்பினான். எங்கள் அத்தை அதற்குப் பதில் பேசி அனுப்பினார். "ஏங்கண்ணு, முப்பது வருசமா அந்தத் தையக்காரர்ட்டத்தான் நான் துணி குடுக்கறேன். நாளைக்கும் அங்கதான் போகோணும். நீ அங்கிருந்து அனுப்பிப்போட்டுத் தூங்கிப் போயிருவ. நாங்க காலைல எந்திரிச்சு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கோணுமல்லோ?"

நான் இன்று சொல்ல வந்ததை அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டார். தொலைவில் இருக்கும்போது பயமும் பெரிதாகத் தெரியும், குரலும் பெரிதாகக் கிளம்பும். ஆனால் அந்தக் குரலின் விளைவை அனுபவிக்கிறவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறவர்கள். அந்தத் தெருவில் வாழாதவர்களுக்குப் பொறுப்பு கூடுதலாக உண்டு.

காஷ்மீரிலும் இதையே பார்த்தோம். 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மதத்தைக் கேட்டுக் கேட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் 25 பேர் சுற்றுலா வந்தவர்கள். இன்னொருவர் அவர்களைக் குதிரையில் ஏற்றிப்போய்ப் பிழைத்த உள்ளூர் முஸ்லிம் இளைஞர். மறுநாள் காஷ்மீர் பள்ளத்தாக்கே கடையடைத்துத் துக்கம் காத்தது. அதே நேரத்தில் இந்தியாவின் வேறு ஊர்களில் படிக்கப் போன காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டார்கள். கல்யாணமான சில நாட்களிலேயே கணவரைப் பறிகொடுத்த கடற்படை அதிகாரியின் மனைவி, நீதி வேண்டும், ஆனால் முஸ்லிம்கள் மேலும் காஷ்மீரிகள் மேலும் பாயாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவரையே வாய் கூசாமல் ஏசினார்கள். தன் துக்கத்தைத் தாங்கிக்கொண்டு அவ்வளவு தெளிவாகப் பேசிய பெண்ணை, எதையும் இழக்காதவர்கள் ஏசியதை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

ஆகவே இந்தச் சங்கத்திடம் நான் சிலவற்றைக் கேட்கிறேன்.

எங்காவது தாக்குதல் என்று செய்தி வந்தால், முதலில் நம் மக்கள் யாராவது அங்கே மாட்டிக்கொண்டார்களா என்று பாருங்கள். தூதரகத்தில் யாரிடம் பேசுவது, ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க யார் போவது, உடலை ஊருக்கு அனுப்ப என்னென்ன காகிதம் வேண்டும் என்பது தெரிந்த நாலு பேரை இன்றே பொறுப்பாக்கி வையுங்கள். அழுகிற குடும்பத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியது அந்த நாலு பேர்தான்.

ஒரு ஊரைப் பற்றிய செய்தியை அனுப்பும் முன், அந்த ஊரில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் உறுதி செய்யாததை அனுப்ப வேண்டாம்.

கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். எச்சரிக்கை வந்ததா, வந்திருந்தால் யார் கிடப்பில் போட்டார் என்று அரசாங்கங்களைக் கேளுங்கள். இலங்கையில் பிள்ளைகளை இழந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். அதில்தான் ஒரு பங்கு நீதியாவது கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இந்தச் சங்கத்தில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. தாக்குதல் நடந்த மறுநாள் அவர்களிடம் போய், நீங்கள் ஏன் கண்டிக்கவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. மேற்கே வாழும் உங்களுக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 2001 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில், தலைப்பாகையைப் பார்த்து ஆள் தெரியாமல் ஒரு சீக்கியரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர் உங்களைப் போலப் பிழைக்கப் போனவர். நம்மையும் பெயராலும் நிறத்தாலும் அளக்கும் கண்கள் இந்த உலகத்தில் உண்டு. அந்தக் கண்களை நாம் கடன் வாங்க வேண்டாம்.

இந்த நான்கையும் இன்றைய பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள் என்று உங்கள் செயற்குழுவை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு தாக்குதல் நடக்கவே கூடாது என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்கிறோம். நடந்துவிட்டால் அன்று ராத்திரி கையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கப் போகிறவர்கள் நாம்தான். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது; இன்றே முடிவு செய்து வைத்தால்தான் உண்டு.