பொறுமையும் உடல்நலமும்

(திருப்பருத்திக்குன்றத்தில் தசலட்சண விழாவில் ஆற்றிய உரை)



ஜினகாஞ்சியாம் இவ்வூரில், திரைலோக்கியநாதர் திருமுன் நின்று என் பிழையொன்றைச் சொல்கிறேன். நிலத்தகராற்றால் பங்காளியொருவரோடு 4 ஆண்டுகள் பேசாதிருந்தேன். உறக்கம் கெட்டது; இரத்த அழுத்தம் ஏறியது.

சினம் எழுந்தால் அட்ரினல் சுரப்பி தூண்டப்பெறும், இதயத்துடிப்பு விரையும். வால்டர் கானன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915இல் இதனை நூலாக எழுதினார். சினம் நெஞ்சிலேயே தங்கின் உடலுக்கு ஓய்வு ஏது? குரோதம், மானம், மாயை, லோபம் ஆகிய கஷாயங்கள் நான்கே உயிரில் வினையை ஒட்டச்செய்வன என்றது நம் சமயம். பத்து அறங்களுள் உத்தம க்ஷமையை முதலில் வைத்தது.

சென்ற க்ஷமாவணி நாளில் அவர் இல்லம் சென்று கைகூப்பினேன். அன்றிரவு அயர்ந்து உறங்கினேன். மருத்துவர் தந்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை, பகையை நிறுத்தினேன்.

சிக்கிய பட்டிழையை நம்மூர் நெசவாளர் வெகுண்டு இழுப்பதில்லை, பொறுமையாகப் பிரிப்பர். நீங்களும் பிணங்கியவர் இல்லத்திற்கு இன்றே செல்லுங்கள்.