ரோக்ஸி மியூசிக்கை நடுவுல இருந்து கேளுங்க

ரோக்ஸி மியூசிக்னு ஒரு பிரிட்டிஷ் குழு. ஸ்டூடியோ ஆல்பம் மொத்தமே எட்டுதான். முதல் ஆல்பம் 1972, கடைசி 1982. எட்டுதானே, ஒரு ஞாயித்துக்கிழமையில கேட்டு முடிச்சிடலாமேன்னு தோணும். ஆனா தப்பான ஆல்பத்தை முதல்ல எடுத்துட்டு, "இது நமக்கு ஒத்து வராது"ன்னு மூடி வெச்சவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும். அவங்களுக்கும், இனிமேதான் கேட்கப் போறவங்களுக்கும் சேர்த்துத்தான் இன்னிக்குப் பேச்சு.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு யாரைக் கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணு வரும். ஒண்ணு, "1982-ல வந்த 'அவலான்' கேளு, இனிமையா இருக்கும்." இன்னொண்ணு, "முதல் ஆல்பத்துல ஆரம்பிச்சு வரிசையா வா." ரெண்டும் வேண்டாம்னு நான் சொல்றேன்.

'அவலான்' அருமையான ஆல்பம், அதுல சந்தேகமே இல்ல. 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' படத்துல பில் மர்ரி டோக்கியோ கரோக்கே அறையில உட்கார்ந்து தட்டுத் தடுமாறிப் பாடுவாரே, 'மோர் தேன் திஸ்', அந்தப் பாட்டு இதுலதான் இருக்கு. ஆனா இது வர்றப்போ பழைய ஆளுங்க மூணு பேருதான் மிச்சம். சுருதி பிசகாம, ஒரு தூசி இல்லாம, பத்து வருஷம் பாடிப் பாடி வந்து சேர்ந்த இடம் அது. பாயசத்தை முதல்ல குடிச்சுட்டு ரசம் சாதத்துக்கு வந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும், 'அவலான்' கேட்டுட்டு 1972-க்குப் போனா.

சரி, முதல் ஆல்பம்? குழுவோட பேரேதான் ஆல்பத்துக்கும். கிங் க்ரிம்ஸன் குழுவுக்குப் பாட்டு எழுதின பீட்டர் சின்ஃபீல்ட் தயாரிப்பாளர். முதல் பாட்டு 'ரீ-மேக் ரீ-மாடல்'. அதுல கோரஸா பாடுறது ஒரு கார் பதிவு எண்! பாட்டு முடியப் போற நேரத்துல ஒவ்வொருத்தரா ரெண்டு செகண்ட் தனியா வாசிப்பாங்க. பேஸ் கிட்டார்ல பீட்டில்ஸோட 'டே ட்ரிப்பர்' வரும், சாக்ஸஃபோன்ல வாக்னரோட ஓபரா மெட்டு வரும். யார் யாருன்னு தெரிஞ்சவங்களுக்கு இது கொண்டாட்டம். தெரியாதவங்களுக்கு அஞ்சு பேர் அஞ்சு பாட்டு வாசிக்கிற மாதிரிதான் கேட்கும். ஒலிப்பதிவும் கொஞ்சம் வறட்சி. அதனால இது பிறகு.

அப்போ யார் யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். பாடுறவர் பிரையன் ஃபெர்ரி. வட இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்க ஊர்ல பிறந்தவர். அப்பாவுக்குச் சுரங்கத்துல வண்டி இழுக்கிற குதிரைகளைப் பார்த்துக்கற வேலை. மகன் நியூகாசில் பல்கலைக்கழகத்துல ஓவியம் படிக்கப் போனார்; அங்க ஆசிரியர் ரிச்சர்ட் ஹாமில்டன். விளம்பரப் படம், பத்திரிகைத் துண்டு, சினிமா நடிகை முகம் எல்லாத்தையும் வெட்டி ஒட்டிப் படம் பண்ணின மனுஷன், பாப் ஆர்ட்டோட முன்னோடி. ஃபெர்ரி அதையே பாட்டுல பண்ணினார். ஹாலிவுட், ஃபேஷன், பழைய காதல் பாட்டு எல்லாத்தையும் வெட்டி ஒட்டினார். சுரங்கத் தொழிலாளி மகன் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டுப் பணக்காரன் விருந்துல நின்னு பாடுறார். உள்ள வந்துட்டாலும் வெளியாள்தான். அந்த வலிதான் இந்த எட்டு ஆல்பத்துக்கும் அடியில ஓடுது. அவர் குரல் நடுங்குறதும் நெளியறதும் முதல்ல செயற்கையா படும். அது நடிப்புதான், தெரிஞ்சே பண்றார்.

இன்னொரு பிரையன், ஈனோ. சிந்தசைசரும் டேப் ரெகார்டரும் வெச்சுக்கிட்டு மத்தவங்க வாசிக்கிறதை உருமாத்தித் தர்றவர். ஆண்டி மெக்கேயோட கையில சாக்ஸஃபோனும் ஓபோவும். ராக் குழுவுல ஓபோ! ஃபில் மன்ஸனேரா கிட்டார். சின்ன வயசுல கியூபா, வெனிசுவேலான்னு வளர்ந்தவர். ட்ரம்ஸ் பால் தாம்ப்ஸன். இவர் மட்டும் எந்தக் கோமாளித்தனமும் இல்லாம பலமா அடிச்சுக்கிட்டே இருப்பார். அவர் இல்லாட்டி மத்தவங்க காத்துல பறந்திருப்பாங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். முதல்ல ஒரே ஒரு பாட்டு, 'வர்ஜீனியா ப்ளெய்ன்'. 1972 ஆகஸ்ட்ல தனி சிங்கிளா வந்து பிரிட்டன்ல நாலாவது இடம் வரைக்கும் போச்சு. அப்போ வந்த முதல் ஆல்பத்தோட பிரிட்டிஷ் எல்பியில இது கிடையாது, பின்னாடி வந்த சிடிகள்ல சேர்த்தாங்க. மூணு நிமிஷம். ஃபெர்ரி மாணவனா இருந்தப்போ வரைஞ்ச ஒரு சிகரெட் பெட்டி ஓவியத்தோட பேருதான் பாட்டுக்கும். இதுல கோரஸே இல்ல, கவனிச்சீங்களா? நடுவுல மோட்டார் சைக்கிள் சத்தம் வரும், ஓபோ வரும், ஈனோ கீச்சுனு ஒண்ணு விடுவார். பாட்டோட பேரு கடைசி வார்த்தையாத்தான் வரும், வந்த உடனே படக்குனு நின்னுடும். இது பிடிச்சா மேல போங்க. பிடிக்கலைன்னா இன்னொரு தடவை கேளுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா இந்தக் குழு உங்களுக்கு இல்ல, வருத்தப்படாதீங்க.

பிடிச்சவங்க மூணாவது ஆல்பம் 'ஸ்ட்ராண்டெட்' எடுங்க. 1973 நவம்பர். ஈனோ அந்த வருஷம் ஜூலையிலேயே குழுவை விட்டுப் போயிட்டார். அவருக்குப் பதிலா பதினெட்டு வயசுப் பையன் எடி ஜாப்ஸன், வயலினும் கீபோர்டும். ஈனோ இல்லாத ஆல்பத்தைப் போய் முதல்ல சொல்றியேன்னு ஈனோ ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. அவங்களுக்கு ஒரு சேதி, இந்தக் குழுவோட ஆல்பங்கள்ல இதுதான் சிறந்ததுன்னு ஈனோவே சொல்லியிருக்கார். நான் சொல்ற காரணம் வேற. முன்னாடி ரெண்டு ஆல்பத்துல ஒட்டுப் போட்ட தையல் நல்லா தெரியும். கடைசி ஆல்பங்கள்ல தையலே தெரியாது. 'ஸ்ட்ராண்டெட்'லதான் தையலும் தெரியும், பாட்டும் முழுசா நிக்கும்.

சோதிச்சுப் பார்க்க 'மதர் ஆஃப் பெர்ல்' ஒண்ணு போதும். கிட்டத்தட்ட ஏழு நிமிஷம். ஆரம்பத்துல தலைதெறிக்கிற வேகம். ஃபெர்ரி குரல் ரெண்டு மூணா ஒண்ணு மேல ஒண்ணு விழும், விடிய விடிய நடக்கிற பார்ட்டிக்குள்ள தள்ளிவிட்ட மாதிரி. சட்டுனு எல்லாம் அடங்கும். மெதுவா, திரும்பத் திரும்ப வர்ற ஒரே சுற்று. பார்ட்டி முடிஞ்சு ஒருத்தன் தனியா உட்கார்ந்து தனக்குத்தானே கிண்டலாப் பேசிக்கிறான். அந்தச் சுற்று கடைசி வரைக்கும் மாறாது, ஆனா தாம்ப்ஸனோட ட்ரம்ஸை மட்டும் தொடர்ந்து கேளுங்க, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒண்ணு மாத்திக்கிட்டே வருவார். கடைசியில வாத்தியம் ஒவ்வொண்ணா நின்னு குரல் மட்டும் மிஞ்சும். இதே ஆல்பத்துல 'எ சாங் ஃபார் யூரோப்' இருக்கு. ஆங்கிலத்துல ஆரம்பிச்சு லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் தாவிப் புலம்பி, விசிலடிச்சு முடிப்பார். மிகைதான். ஆனா அந்த மிகையை ரசிக்கப் பழகிட்டா ஃபெர்ரி உங்க ஆளு.

அப்புறம் ஒரு படி பின்னாடி வாங்க, அதே 1973 மார்ச்ல வந்த 'ஃபார் யுவர் ப்ளெஷர்'. அட்டையில மாடல் அமான்டா லியர் கறுப்புத் தோல் உடுப்புல ஒரு கருஞ்சிறுத்தையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அட்டையை விரிச்சா மறுபக்கம் கார் டிரைவர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். அது ஃபெர்ரி! இதை ராத்திரி, ஹெட்ஃபோன்ல கேளுங்க. 'இன் எவ்ரி ட்ரீம் ஹோம் எ ஹார்ட்ஏக்'னு ஒரு பாட்டு. ட்ரம்ஸ் இல்லாம, சுத்திச் சுத்தி வர்ற கீபோர்டு மட்டும். அதுக்கு மேல உணர்ச்சியே இல்லாத குரல்ல ஒரு பணக்காரன் தன் வீட்டு வசதியெல்லாம் பட்டியல் போடுறான். மெல்ல மெல்லப் புரியும், அவன் காதலிக்கிறது தபால்ல வரவழைச்ச காத்தடைச்ச பொம்மையை. கடைசி வரி முடிஞ்ச நொடியில ட்ரம்ஸும் மன்ஸனேராவோட கிட்டாரும் ஒரே வெடியா வெடிக்கும். கொஞ்ச நேரத்துல சத்தம் தேய்ஞ்சு போகும். முடிஞ்சதுன்னு ஹெட்ஃபோனைக் கழட்டாதீங்க. மறுபடி எழும்பி வரும், இந்தத் தடவை மொத்த ஒலியும் சுழல்ல மாட்டின மாதிரி. 'தி போகஸ் மேன்' ஒம்பது நிமிஷத்துக்கு மேல ஒரே தாளம், அது பொறுமை இருக்கிறவங்களுக்கு.

இப்போ முதல் ஆல்பத்துக்குப் போங்க. அந்தக் கார் எண் இப்போ சிரிப்பு மூட்டும். 'லேடிட்ரான்' ஆரம்பத்துல ஓபோவும் சிந்தசைசரும் சேர்ந்து வர்ற அந்த அரை நிமிஷத்துக்கே இந்த ஆல்பம் தகும்.

மத்தது வேகமா சொல்லிடறேன். 1974 'கன்ட்ரி லைஃப்', கம்பீரமான ராக். 'அவுட் ஆஃப் த ப்ளூ' கடைசியில ஜாப்ஸனோட வயலின் பறக்கும். அட்டையில உள்ளாடையோட ரெண்டு பெண்கள் நிக்கிறாங்கன்னு அமெரிக்காவுல அவங்களை எடுத்துட்டு, பின்னால இருந்த செடியை மட்டும் போட்டு வித்தாங்க. 1975 'சைரன்'ல 'லவ் இஸ் த ட்ரக்': காலடிச் சத்தம், கார் கிளம்புற சத்தம், அப்புறம் ஜான் கஸ்டாஃப்ஸனோட பேஸ் வந்து உட்காரும். ஷீக்ங்கற டிஸ்கோ குழுவோட நைல் ராட்ஜர்ஸ், லண்டன்ல ரோக்ஸி கச்சேரியைப் பார்த்ததுதான் தன் குழுவுக்கு வித்துன்னு சொல்லியிருக்கார். அதை மனசுல வெச்சுக்கிட்டு இந்தப் பாட்டைக் கேளுங்க.

1979 'மேனிஃபெஸ்டோ', 1980 'ஃப்ளெஷ் அண்ட் ப்ளட்' ரெண்டையும் இப்போதைக்குத் தாண்டிடலாம். நல்ல பாட்டு இருக்கு, ஆல்பமா நிக்காது. அப்புறம் கடைசியில 'அவலான்'. இப்போ கேட்டா அந்த வழவழப்புக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியும். ஆங், அதுல 'இந்தியா'ன்னு சின்னதா ஒரு வாத்திய இசை வரும். நம்ம சித்தாரையோ தபலாவையோ தேடாதீங்க.

ரெண்டு நடைமுறை விஷயம். ஷஃபிள்ல போடாதீங்க, இவங்க பாட்டு வரிசையை யோசிச்சு வெச்சவங்க. "சிறந்த பாடல்கள்" தொகுப்பு வாங்கினா பட்டியலைப் பாருங்க. 1986-ல வந்த 'ஸ்ட்ரீட் லைஃப்' மாதிரி சிலதுல ஃபெர்ரி தனியா பாடினதும் கலந்திருக்கும், அது வேற ஆளு மாதிரி இருக்கும்.

ஈனோ பிடிச்சுப் போனவங்க அவரோட 1974 'ஹியர் கம் த வார்ம் ஜெட்ஸ்' பக்கம் போங்க. குழுவை விட்டுப் போனாரே ஒழிய, மெக்கே, மன்ஸனேரா, தாம்ப்ஸன் மூணு பேருமே அதுல வாசிச்சிருக்காங்க. அடுத்து 1975 'அனதர் க்ரீன் வேர்ல்ட்'. அதோட நிறுத்திக்குங்க, விமான நிலையத்துக்குன்னு அவர் பண்ணின ஆம்பியன்ட் இசைக்கு இதே சூட்டோட போனா தூக்கம்தான் வரும். அதுக்குத் தனியா ஒரு நாள் உட்காரலாம்.