கணக்கை ஊர் அறியட்டும்!
(களமருதூரில் ஆற்றிய உரை)



பிராட்பேண்ட் கம்பெனிகள் சர்க்காருக்குக் கொடுக்கும் கணக்கைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். "அது கம்பெனிக்கும் அதிகாரிக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். சிட்டாவுக்காக இ-சேவை மையத்தில் பொழுதெல்லாம் காத்துக் கிடந்த விவசாயியைக் கேளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவைச் செல்பேசிச் செயலியில் ஏற்றுவது கட்டாயம் என்றது மத்திய சர்க்கார். அப்போது சிக்னல் கிடைக்காமல் திண்டாடிய கூலித் தொழிலாளியைக் கேளுங்கள். கம்பி அறுந்தாலும் கம்பெனிக்கு மாத வாடகை வருகிறது. நமக்குத்தான் அன்றைய பிழைப்புப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1997-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளிடம் கணக்குக் கேட்கலாம். பிராட்பேண்டின் தரத்துக்கு 2006-ல் விதிகள் வந்தன. 2024 ஆகஸ்டில் புதிய விதிகள் பிறந்து, அக்டோபர் 1 முதல் அமலாயின. மாவட்ட அளவில் 4 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால், 24 மணி நேரத்துக்குள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். தரம் தவறினால் 1 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சம் வரை அபராதம். செல்பேசிக் கம்பெனிகள் எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தையும் வெளியிட வேண்டும்.

இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது? அளக்கும் படி 'மாவட்டம்'. கள்ளக்குறிச்சியில் விளக்கெரிந்து, கல்வராயன் மலையில் நாலு ஊர் மட்டும் நாள் கணக்கில் துண்டுபட்டுக் கிடந்தால், அது மாவட்டச் சேவை நின்ற கணக்கில் சேருமா? தமிழ்நாடு முழுவதையும் சேர்த்து ஒரு சராசரி போட்டால், சென்னையின் வேகத்தில் களமருதூரின் குறை கரைந்து போகாதா?

இந்த வித்தை நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 477-ம் எண் படிவம் என்று ஒன்று இருந்தது. ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்குக் கம்பெனியால் இணைப்புத் தர முடிந்தால் போதும். வட்டாரம் முழுவதுமே சேவை பெற்றதாக எழுதிக்கொள்ளலாம்! மக்கள் இணைப்பின்றித் தவிக்க, காகிதத்தில் தேசம் செழித்தது. 2020 மார்ச்சில் புதுச் சட்டம் போட்டு, 2022 நவம்பரில்தான் இடம் இடமாகக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார்கள். முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே இந்தக் கதி!

இதில் வர்க்க பேதமும் உண்டு, தோழர்களே. பெரிய முதலாளி தனிக் கம்பி இழுத்துக்கொள்கிறார். சேவை நின்றால் இவ்வளவு நஷ்டஈடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறார். அதே இண்டர்நெட்டை நம்பிக் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் சிறு அரிசி ஆலைக்காரருக்கும் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒரு புகார் எண்தான்.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2023 ஜூன் 5-ல் கே-போனைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. இண்டர்நெட் மக்களின் உரிமை என்பதே அதன் பொருள். உரிமை என்றால் கணக்குக் கேட்கும் உரிமையும் சேர்ந்ததே. பொதுத்துறையும் இதற்கு விலக்கல்ல. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி என்று திட்டமிட்டார்களே, எந்த ஊரில் எத்தனை நாள் அது உயிரோடு இருந்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. சேவைத் தடையை ஊராட்சிவாரியாகப் பதிவு செய்க! அந்தக் கணக்கைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுக! சிறு கடைக்கும் நஷ்டஈடு தானாகவே வரவு வைக்குக!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எப்போது வந்தது, யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதுவோம். மே தினத்தன்று கிராம சபை கூடும்போது அந்த நோட்டை மேசை மேல் வைத்துத் தீர்மானம் கேட்போம். கம்பெனியின் கணக்கும் ஊரின் கணக்கும் நேருக்கு நேர் நிற்கட்டும். எது மெய் என்பதை அப்போது நாடு தெரிந்துகொள்ளும்.